தனி உறை

நாலாம் வகுப்பு வரை
பாலத்துக்கு அந்தப் பக்கம் படித்தாள் சௌபர்ணி.
வீடு பாலக்காடு ஜில்லா,
பள்ளிக்கூடம் கோயமுத்தூர் ஜில்லா,
நடந்தால் ஆறு நிமிடம்.
நவோதயா விண்ணப்பம் அதை ஒப்பாது என்றாள்
அக்ஷயா மையத்துப் பெண்.
படிக்கிற ஜில்லாவும் குடியிருக்கிற ஜில்லாவும்
ஒன்றாக இருக்க வேண்டுமாம்.
ஜூனில் கொழிஞ்சாம்பாறைக்கு மாற்றினோம்.
இப்போது பஸ்ஸில் அரை மணி நேரம்,
ஜன்னலோரம் கிடைத்தால் பனைகளை எண்ணுவாள்.

பொள்ளாச்சியில் கோச்சிங் எட்டாயிரம் என்றார்கள்.
கணக்கை நானே சொல்லித் தருகிறேன் என்றேன்.
வீட்டுக்காரர் சிரித்தார்.
நான் பத்தாவது ஃபெயில்தான்.
ஆனால் சொசைட்டியில் பால் அளக்கிறவளுக்குத்
தசமம் தெரியாமல் பிழைக்க முடியாது.
நாலு புள்ளி ஒன்றுக்கும் நாலு புள்ளி மூன்றுக்கும் நடுவில்
எத்தனை முகம் மாறுகிறதென்று
தினமும் இரண்டு வேளை பார்க்கிறேன்.

மனத்திறன் பகுதிதான் படுத்தியது.
எல்லாம் படம்.
முக்கோணத்துக்குள் புள்ளி, புள்ளிக்கு வெளியே அம்பு,
கண்ணாடியில் இது எப்படித் தெரியும்?
சவரக் கண்ணாடியைப் புத்தகத்தின் ஓரம் நிறுத்திப் பார்த்தோம்.
பத்தே நாளில் அவள் கண்ணாடியை விட்டுவிட்டாள்.
எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.
அவர் முகத்தில் நுரையோடு தேடும்போதெல்லாம்
அது பதினேழாம் பக்கத்தில் கிடக்கும்.

ராத்திரி அவள் மாதிரித் தாளின் மேலேயே தூங்கிப்போவாள்.
ஒருநாள் தாளை மெல்ல உருவி
மிச்ச வட்டங்களை நான் கருப்பாக்கினேன்.
அப்புறம் ஒரு முழுத் தாள்.
எண்பதுக்கு அறுபத்தொன்று.
யாரிடமும் சொல்லவில்லை.

கிடைத்தால் மலம்புழை, ஹாஸ்டல்.
“அங்க யாரும்மா எனக்குச் சடை போடுவா?”
அன்றிலிருந்து காலையில் அதுவும் ஒரு பாடம்.
வகிடு கோணிக்கொண்டு
காதைப் பார்த்துப் போகும்.
திருத்த நீண்ட கையை
இடுப்பில் வைத்துக்கொள்வேன்.

ஜனவரி.
கணவாய்க் காற்று
சித்தூர் பள்ளிக்கூடத்துத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
கேட்டுக்கு வெளியே நாங்கள் எல்லாரும்
ஃபைலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றோம்.
ஒருவர் கடலை வாங்கினார், தின்னவில்லை.

வந்ததும் தண்ணீர் குடித்தாள்.
“ரூம்ல எல்லாருக்கும் மலையாளத் தாளும்மா.
எனக்கு மட்டும் தனிக் கவரு.
‘மோளே, தமிழ் அல்லே’ன்னு டீச்சர் கிழிச்ச சத்தத்துல
எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.”
பயந்துட்டியா, கண்ணு?
“எதுக்கு? கவரு எனக்குத்தானே.”

பஸ்ஸில் ஏறின பிறகு சொன்னாள்,
ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டாளாம்.
தப்பானாலும் மார்க் குறையாது, எதையும் விடாதே என்று
நூறு தடவை சொல்லியிருந்தேன்.
எது, என்றேன்.
“பாலும் தண்ணியும் கலந்தது அறுபது லிட்டர்.
பால் ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு.
இன்னும் எத்தனை லிட்டர் தண்ணி ஊத்தினா
ரெண்டும் சமமாகும்?”
தெரியலையா?
“தெரியும்.
ஆனா அந்தப் பாலை நீ எடுக்கவே மாட்டியே.
எடுக்க முடியாதுன்னு
நாலு ஆப்ஷன்லயும் இல்லை.”

இருபது, என்று நாக்கு நுனி வரை வந்தது.
காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது.
ஜன்னலைச் சாத்தினேன்.
அவள் சடை பாதி அவிழ்ந்திருந்தது.
அவளே பின்னட்டும் என்று
ரப்பர் பேண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சொசைட்டி.
“பாப்பா பரீட்சை நல்லா எழுதுச்சுங்களா?” என்றபடி
கதிரப்பன் கேனை இறக்கினார்.
லாக்டோமீட்டர் இருபத்திரண்டில் நின்றது.
சௌபர்ணி பெஞ்சில் உட்கார்ந்து
பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.
எடுக்க முடியாதுங்க, என்றேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாக.